முதலில் நீ சொல்லு

ஆந்திராவில் பீமவரத்து இறால் பண்ணைகளுக்குப் போகிறவர்களின் பட்டியல் காலை பத்து மணிக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான்கு பேர், இரண்டு அறைகள். தன் பெயருக்குப் பக்கத்தில் ரெஜினாவின் பெயர் இருப்பதைப் பார்த்த மோகனப்ரியா, பழைய பட்டியல் எதையாவது திறந்துவிட்டோமோ என்று தேதியைப் பார்த்தாள். தேதி சரியாகத்தான் இருந்தது. வழக்கமாகப் போகும் பவானி பிரசவ விடுப்பில் போயிருந்தாள். இனிமேல் யாருக்கும் தனி அறை கிடையாது என்று தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. இரண்டும் சேர்ந்து, இரண்டு வருடங்களுக்குப் பிறகு அவளை மறுபடியும் ரெஜினாவின் பக்கத்துக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டிருந்தன. குழுவில் எவனோ வாயைப் பொத்திச் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு உடனே அழித்தான். அழிப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

எண்ணூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையை ஒட்டி இருந்தது அந்த இறால் ஏற்றுமதிக் கம்பெனி. ஆந்திரப் பண்ணைகளிலிருந்து வரும் இறாலைத் தோலுரித்து, உறையவைத்து, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். பெட்டி போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள் ரெஜினா. ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பிடி எடுத்து வேகவைத்து, மூடியைத் திறந்ததும் எழும் ஆவியைக் கண்ணை மூடி முகர்வாள். ஒன்றைக் கடித்துத் துப்புவாள். பிறகு தாளில் கையெழுத்து. மண் வாடை, டீசல் வாடை, மருந்து வாடை என்று இருபது வருடத்தில் அவள் பிடித்துக் கொடுத்த கதைகள் கம்பெனியில் ஏராளம். "ரெஜினாம்மா மூக்குல படாம ஒரு பொட்டி கூட வெளிய போவாது" என்று தோலுரிக்கும் பெண்கள் சொல்வார்கள். தண்டையார்பேட்டையில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கும் குடும்பம் அவளுடையது. அப்பா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர். நாற்பத்தெட்டு வயதிலும் அவள் பேச்சிலிருந்து அந்தத் தெற்குச் சாயல் போகவில்லை.

மோகனப்ரியா திருவொற்றியூர் குப்பத்துப் பெண். அம்மா பவுனம்மாள் விடிவதற்கு முன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவள். விலங்கியல் படித்துவிட்டு இருபத்து நான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்த மோகனப்ரியாவைத் தன்னோடு வைத்துக்கொண்டு பழக்கியது ரெஜினாதான். கிண்ணத்தைத் திறந்ததும், "மோகனா, முதல்ல நீ சொல்லு பாப்பம்" என்பாள். இவள் சொன்னதும் தானும் முகர்ந்து, "ஆமாட்டி, சரியாச் சொல்லிட்ட" என்பாள். கற்றுக்கொடுக்கும் மனசு என்று எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். மோகனப்ரியாவும் அக்கா, அக்கா என்று அவள் பின்னாலேயே சுற்றினாள். நெல்லூர் போகும்வரை.

நெல்லூரில் அவர்கள் தங்கிய லாட்ஜில், பெட்டியை வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்ததும் மோகனப்ரியாவுக்குக் குமட்டியது. "அக்கா, எலி செத்துக் கெடக்குது போல. வேற ரூம் கேக்கலாமா?" என்றாள். ரெஜினா குளியலறைக்குள் போய்ப் பல் விளக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். துண்டால் முகத்தைத் துடைத்தபடி ஒரு கணம் நின்றாள். "ஆமாட்டி, நானும் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். அறையை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று நாளும் ரெஜினா அதிகம் பேசவில்லை. மோகனப்ரியா அதை அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்த அடுத்த வாரம் அந்த மின்னஞ்சல் வந்தது. ரெஜினா வாய்மொழியாகச் சொன்ன புகாரை நிர்வாக அதிகாரி எழுத்தில் வடித்துப் பன்னிரண்டு பேருக்கு நகல் அனுப்பியிருந்தார். உடன் தங்கியவரின் உடலிலிருந்து வரும் மீன் வாடை காரணமாகத் தூங்க இயலவில்லை என்றும், பணியின் தன்மை கருதி மூக்கின் கூர்மையைப் பாதுகாக்க வேண்டியிருப்பதால் தனி அறை தேவை என்றும். மோகனப்ரியா அதைத் தன் மேசையில் உட்கார்ந்து படித்தாள். சுற்றியிருந்தவர்கள் அவள் படித்து முடிக்கட்டும் என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். அன்று மாலையே சரக்கு ஏற்றுகிற இடத்தில் ஒருவன், "மோகனா வருது, ஐஸ் போடுங்கடா" என்றான். வெளியூர்ப் பயணங்களிலிருந்து அவள் பெயர் எடுக்கப்பட்டது. பேக்கிங் தளத்துக்கு மாற்றினார்கள். ரெஜினா எதிரில் வந்தால் தலையை அசைத்துவிட்டுப் போனாள், ஒன்றும் நடக்காததுபோல.

கம்பெனியில் பட்டது கம்பெனியோடு போயிருந்தால் ஆறியிருக்கும். அது வீட்டுக்கு வந்தது. மோகனப்ரியா தன் துணிகளைத் தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். வேலைக்குப் போகும்முன் இரண்டு முறை குளித்தாள். கையை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்குகள் வெடித்தன. அலுவலகத்தில் "இன்னா" என்பதை விட்டு "என்ன" என்று பேசப் பழகினாள். ஒரு மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து வந்த பவுனம்மாள், கால் நீட்டி அவள் கட்டிலில் உட்கார்ந்தபோது, "அங்க குந்தாதம்மா" என்று சொல்லிவிட்டாள். பவுனம்மாள் எழுந்து புடவையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று. ஒன்றுமில்லை. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். "நாத்தம் அடிக்குதா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "இந்த நாத்தத்துலதான்டி நீ காலேஜிக்கு போன." அன்றிலிருந்து அந்தக் கட்டிலில் அவள் உட்காரவில்லை. மோகனப்ரியா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ரெஜினாவை ஏதாவது செய்ய வேண்டும் என்று மோகனப்ரியா முடிவுசெய்தது மின்னஞ்சல் வந்த அன்றல்ல, அந்த மத்தியானத்தில்தான். என்ன செய்வது என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. பயணப் பட்டியல் வந்தபோதும் தெரியவில்லை. போகலாம், பக்கத்தில் இருக்கலாம், ஏதாவது கிடைக்கும் என்று மட்டும் நினைத்தாள்.

பீமவரத்தில் இரண்டாம் நாள் காலை அது கிடைத்தது. ஆறரை மணி இருக்கும். குளியலறைக்குள் இருந்த மோகனப்ரியாவுக்குப் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. முதலில் வெளியே எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தாள். வாசனை கூடிக்கொண்டே போனது. தலையில் சோப்பு நுரையோடு துணியைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தால், ரெஜினா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பைபிள் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குப் பின்னால், ஒரு முழம் தூரத்தில், சுவரில் சொருகியிருந்த கொசு மருந்து பிளக் உருகி வழிந்துகொண்டிருந்தது. மெல்லிய கறுப்புப் புகை சுவரோடு ஒட்டி மேலே போனது. அறை முழுக்க அந்த நெடி. மோகனப்ரியா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

"என்னம்மா?" என்றாள் ரெஜினா, பைபிள் வரியிலிருந்து விரலை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல மேடம். பிளக் லூசா இருந்திச்சி."

"ஓ" என்று சொல்லிவிட்டு ரெஜினா திரும்பவும் படித்தாள்.

குளியலறைக்குள் திரும்பிப் போன மோகனப்ரியா குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரில் கை வைக்காமல் நின்றாள். நெல்லூர் லாட்ஜில் துண்டோடு நின்ற அந்த ஒரு கணம் ஞாபகம் வந்தது. செத்த எலி கிடந்த அறையில் நிதானமாகப் பல் விளக்கிவிட்டு வந்தவள். முதல்ல நீ சொல்லு, முதல்ல நீ சொல்லு என்று எத்தனை கிண்ணங்கள். கொரோனாவில் பதினைந்து நாள் படுத்து எழுந்து வந்த பிறகுதான் ரெஜினா அப்படிக் கேட்க ஆரம்பித்தாள் என்று தோலுரிக்கும் பெண்கள் எப்போதோ சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தது. அந்த வருடம்தான் இவள் வேலைக்குச் சேர்ந்தாள். அதனால் அது எப்போதும் உள்ள வழக்கம் என்று எண்ணியிருந்தாள். ஆனாலும் அவசரப்படக் கூடாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அன்று பண்ணையிலிருந்து மத்தியானம் இரண்டு மணிக்கு அறைக்கு வந்தார்கள். குட்டையின் சேறும் இறால் தண்ணீரும் ஊறிய தன் சட்டையைக் கழற்றி, ரெஜினாவின் கட்டிலை ஒட்டியிருந்த நாற்காலியின் முதுகில் மோகனப்ரியா போட்டாள். அதன் கை ரெஜினாவின் தலையணையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் அந்த வாடை அறை முழுக்கச் சுற்றியது. மீன் கூடைக்கு நடுவில் பிறந்து வளர்ந்த மோகனப்ரியாவே ஜன்னல் பக்கம் நகர வேண்டியிருந்தது. ரெஜினா வந்தாள், வளையலைக் கழற்றி வைத்தாள், அந்தச் சட்டையின் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மோகனப்ரியா எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தன சோப்பு போட்டுக் குளித்துவிட்டு நெல்லூரில் இதே போலப் பக்கத்தில் படுத்திருந்த மோகனப்ரியாவைத்தான் நாறுகிறாள் என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். தன் மூக்கு போய்விட்டது என்று ஒருத்திக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், மூக்கு இருக்கிறது என்று காட்ட அவளையே அத்தாட்சியாக்கியிருக்கிறாள். மீன்காரி பெண் நாறுகிறாள் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? யாரும் சந்தேகப்படவில்லை. மோகனப்ரியாவே கூடச் சந்தேகப்படவில்லை. ரெஜினா எழுந்ததும் கீழே போய் இரண்டு காபி வாங்கி வந்து கொடுத்தாள். "நல்ல பிள்ளம்மா நீ" என்று ரெஜினா சொன்னாள்.

எண்ணூர் திரும்பிய பிறகு இருபது நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பீமவர அறிக்கையை ஒழுங்காக எழுதிக் கொடுத்ததால் அவளை மறுபடியும் ரெஜினாவின் சோதனை அறைக்கே அனுப்பினார்கள். ரெஜினாவே அதைக் கேட்டு வாங்கினாள் என்று சொன்னார்கள். புதிதாக வந்தவர்களைவிட இவளுடைய மூக்கு நம்பகமானது என்பது அவளுக்குத் தெரியும். கிண்ணங்கள் வந்தன. "முதல்ல நீ சொல்லு." மோகனப்ரியா உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒரு தடவை கூடத் தப்பாகச் சொல்லவில்லை. ரெஜினாவின் தோள்கள் மெல்ல மெல்லத் தளர்வதை, பழைய சிரிப்பு திரும்பி வருவதை, கூடவே நின்று பார்த்தாள்.

வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்களின் ஏஜென்ட் மொஹ்சின் ஒரு வியாழக்கிழமை வந்தான். அதிகம் பேசாதவன். கப்பலில் போன ஒரு கன்டெய்னர் சரக்கில் டீசல் வாடை அடிப்பதாக அங்கிருந்து புகார். அந்தச் சரக்கில் ரெஜினாவின் கையெழுத்து இருந்தது, மோகனப்ரியா திரும்பி வருவதற்கு முந்தைய மாதத்தியது. மொஹ்சின் ஐஸ் பெட்டியில் மூன்று பொட்டலம் கொண்டுவந்திருந்தான். எது எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. "மேடமே பாத்து சொல்லட்டும் சார்" என்று பொதுமேலாளர் பக்தவச்சலத்திடம் மட்டும் சொன்னான்.

மோகனப்ரியாதான் வேகவைத்தாள். மூன்றாவது கிண்ணத்தின் மூடிக்குள்ளிருந்தே டீசல் கசிந்தது. போட் ரிப்பேர் பார்க்கும் இடத்தின் அழுக்குத் துணியை முகத்தில் வைத்தது போன்ற நெடி. மூடியை இறுக்கி அழுத்தி, மூன்றையும் தட்டில் வைத்து எடுத்துவந்தாள். ரெஜினா நீளமேசையின் நடுவில் நின்றாள். எதிரே மொஹ்சின், கல் போன்ற முகத்தோடு. பக்தவச்சலம் ரெஜினாவின் பின்னால், அவளுக்குத் தெரியாத இடத்தில் நின்றார். முதல் இரண்டு கிண்ணங்களையும் ரெஜினா வழக்கம்போல, "மோகனா, முதல்ல நீ சொல்லு" என்று தாண்டினாள். இரண்டும் நல்ல சரக்கு. மோகனப்ரியாவும் அப்படியே சொன்னாள்.

மூன்றாவதன் மூடியைத் திறந்தபோது ஆவி நேராக மோகனப்ரியாவின் முகத்தில் அடித்தது. ரெஜினாவின் பின்னால் பக்தவச்சலத்தின் மூக்கு சுளித்தது. மோகனப்ரியா ஆழமாக இழுத்தாள். இரண்டு நொடி வைத்திருந்தாள். பிறகு ரெஜினாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது நல்லாவே இருக்கு மேடம். இனிப்பா வருது."

ரெஜினா கண்ணை மூடிக் குனிந்தாள். இருபது வருடமாகக் கம்பெனி பார்த்து வியந்த அந்த நீண்ட மூச்சு. ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, தாளில் துப்பினாள்.

"நல்ல சரக்கு" என்றாள். "மூணுல இதுதான் முதல்."

"இன்னொரு தடவ பாருங்க மேடம்" என்றான் மொஹ்சின்.

"பாக்கவே வேண்டாம். சந்தேகமே இல்ல."

பக்தவச்சலம் முன்னால் வந்து கிண்ணத்தைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். கீழே வைத்தார். "நீயும் இதத்தான் சொன்ன?" என்று மோகனப்ரியாவிடம் கேட்டார்.

இந்தக் கேள்விக்கான பதிலை அவள் இருபது நாளாக வைத்திருந்தாள். குனிந்துகொண்டு சொன்னாள்: "டீசல் அடிக்குது சார். மேடம் கையெழுத்து போட்ட சரக்கு, கெட்டுப்போச்சின்னு சொல்ல பயம். அவங்க என்ன சொல்லுவாங்கன்னு நெனச்சித்தான் நாங்க எப்பவும் சொல்லுவோம்."

ரெஜினா அவளைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்ட பார்வை. ஒரு வார்த்தையில் அவள் மோகனப்ரியாவைப் பொய்க்காரி ஆக்கியிருக்கலாம். ஆனால் அதற்குத் தன் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், மூன்று நான்கு வருடமாகப் போட்ட கையெழுத்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ரெண்டு நாளா ஜலதோஷம் சார்" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி அந்த அறை கேட்டதில்லை.

சாயங்காலம் உடை மாற்றும் அறையில் ரெஜினா அவளுக்காகக் காத்திருந்தாள். வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"எப்பத் தெரிஞ்சிது?"

"பீமவரத்துல. பிளக் எரிஞ்சிச்சே."

"அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"நீங்க இன்னா, என்னைக் கேட்டீங்களா?" என்றாள் மோகனப்ரியா. இரண்டு வருடமாக அந்தக் கட்டடத்துக்குள் சொல்லாத சொல் தானாக வந்து விழுந்தது. "என் மேல வாடை அடிக்குதுன்னு பன்னெண்டு பேருக்கு லெட்டர் போச்சே. உங்களுக்குத்தான் ஒரு வாடையும் தெரியாதே. எங்கம்மா இன்னும் என் கட்டில்ல குந்தறதில்ல, தெரியுமா?"

ரெஜினா மடியிலிருந்த கோட்டின் மடிப்பை நீவிவிட்டாள். "என் பொண்ணு ஆஸ்டல்ல படிக்கா. அவ அப்பா போய் எட்டு வருசம் ஆச்சு. எனக்கு இந்த மூக்கு வேல தவிர வேற ஒண்ணும் தெரியாது. நீ எலி செத்து நாறுதுன்னு சொன்ன அன்னிக்கு ராத்திரி பூரா நான் ஒறங்கல. பயந்துட்டேன். பழி போட நீதான் பக்கத்துல இருந்த." நிமிர்ந்து பார்த்தாள். "வெளிய சொல்லிருவியா?"

"நான் எதுக்கு சொல்லணும்" என்றாள் மோகனப்ரியா. அது கருணை இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

மறுவாரம் ரெஜினாவைக் குளிர்கிடங்கின் பதிவேட்டு மேசைக்கு மாற்றினார்கள். சோதனை அறை மோகனப்ரியாவுக்கு வந்தது. சரக்கு ஏற்றுகிற இடத்தில் அவள் போனால் இப்போது வழிவிட்டார்கள். இரண்டு வருடமாக எதிர்பார்த்த சந்தோஷம் அது. உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரெஜினா "சந்தேகமே இல்ல" என்று சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஒரு தடவை கூட அலுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்து, அம்மா பக்கத்தில் வந்து சோறு போட்டபோது, தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதைக் கவனித்தும் விட முடியவில்லை. "இன்னாடி, சோறு எறங்கல?" என்றாள் பவுனம்மாள். "எறங்குதும்மா" என்றாள்.

குளிர்கிடங்கு சோதனை அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம். குளிரூட்டுவதற்கான அமோனியா நச்சுவாயு ஓடும் குழாய்களும் கம்ப்ரசர் அறையும் அதை ஒட்டியே இருந்தன. முதல் நாள் கம்ப்ரசர் ஆபரேட்டர் சுயம்பு ரெஜினாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை, பெட்டி எண்களைச் சரிபார்க்கப் போயிருந்த மோகனப்ரியா கேட்டாள். "எப்பவாச்சும் கேஸ் லேசா கசியும் மேடம். மூக்குல ஏறிச்சின்னா எழுதுறத அப்படியே போட்டுட்டு வெளிய வந்துருங்க. சென்சார நம்பாதிய, சும்மா சும்மா அடிக்கின்னு வயரக் கழத்தி வச்சிருக்கு. நம்ம மூக்குதான் இங்க அபாய மணி." ரெஜினா தலையாட்டினாள். தலையாட்டியபடியே சுயம்புவின் தோளுக்கு மேல் மோகனப்ரியாவைப் பார்த்தாள். மோகனப்ரியா எண்களைக் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்று மத்தியானம் கைபேசியில் தேடிப் படித்தாள். மூக்கு செத்தவர்களுக்கும் கண் எரியும், தொண்டை எரியும். ஆனால் மற்றவர்களுக்குத் தெரிந்து கொஞ்சநேரம் கழித்துத்தான். எவ்வளவு நேரம் என்று அதில் போட்டிருக்கவில்லை. பக்தவச்சலத்தின் அறை மாடியில் இருந்தது. பதினெட்டுப் படிகள். ரெஜினாவை அங்கே வைக்கக் கூடாது என்று நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, அவள் கிண்ணத்தின் மூடியைத் திறந்தபோது இறாலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கூர்மை அவள் மூக்கில் ஊசிபோலக் குத்தியது. நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். அடுத்தவள் திரும்பிப் பார்த்தாள், அவளும் வைத்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக அந்தக் கோடி வாசல் பக்கம் வேகமாக நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். அவர்களுக்கு முதுகு காட்டி, கம்பளிக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ரெஜினா பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எண்களைச் சொல்லிச் சொல்லி எழுதும்போது அவள் உதடுகள் அசைந்தன. பேனாவை வாயில் கவ்விக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். சோதனை அறைக்கும் கிடங்குக்கும் நடுவிலிருந்த கதவின் இரும்புக் கைப்பிடியில் மோகனப்ரியாவின் கை இருந்தது. எப்போது எழுந்து அங்கே வந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பிடி உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. அவள் அதை இன்னும் திருகவில்லை. கண்ணாடியில் அவள் மூச்சு பட்டு வெள்ளையாய்ப் படர, அதற்குப் பின்னால் ரெஜினா கொஞ்சம் கொஞ்சமாக மங்கினாள்.